எஞ்சினைத் தூக்கிப் போடும் முன் சக்கரத்தைப் பாருங்கள்



என்னிடம் படித்து இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், பையனுக்கு வாங்கின மாடல் ரயில் பாயிண்ட் கிட்ட வந்தாலே நின்னுடுது. விரலால தள்ளினா ஓடுது. தூக்கிப் போட்டுட்டு டிஜிட்டல் செட் வாங்கிடலாமா?" இதே கேள்வியைச் சொந்தத்தில் இன்னொரு வீட்டிலும் கேட்டார்கள். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். முதலில் சக்கரத்தையும், சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கும் பிக்கப்பையும் கவனியுங்கள். அந்த வேலையையும் நீங்கள் செய்யாதீர்கள். பையனைச் செய்ய விடுங்கள்.

ரயிலே வராத செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு டீச்சர் ரயில் பாடம் எடுக்கிறாரே என்று சிரிப்பீர்கள். திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை பாதைக்காக நாம் காத்திருக்கும் கதை உங்களுக்குத் தெரியும். இன்றும் நம் ஊர்ப் பிள்ளை ரயில் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் இந்தப் பாடத்துக்கு ஸ்டேஷன் தேவையில்லை. உங்களில் பலர் படித்த காலத்தில் ஓட்டிய சைக்கிளே போதும்.

அந்த டைனமோவை நினைத்துப் பாருங்கள். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். சுற்று முழுமையாக இரண்டு வழி வேண்டுமே, இன்னொன்று எங்கே? சைக்கிளின் இரும்புச் சட்டம்தான் அது. கிளாம்ப் மாட்டிய இடத்தில் துரு ஏறினால் விளக்கு எரியாது. பல்பை மாற்றிப் பயனில்லை. துருவைச் சுரண்டினால் எரியும்.

பெரிய ரயிலும் இப்படித்தான். சென்னை கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அன்று 1,500 வோல்ட் நேர்மின்சாரம், இன்று 25,000 வோல்ட் மாறுமின்சாரம். மேலே கம்பியிலிருந்து வரும் மின்சாரம் எஞ்சினுக்குள் வேலை செய்துவிட்டுச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குத் திரும்புகிறது. மாடல் ரயிலில் மேலே கம்பி கிடையாது. ஒரு தண்டவாளத்தில் வந்து மறு தண்டவாளத்தில் திரும்ப வேண்டும். அதனால்தான் இடது சக்கரமும் வலது சக்கரமும் அச்சில் மின்சாரமாகத் தொடாதபடி நடுவே பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள்.

அப்படியானால் பெரிய ரயில் நிற்காமல் ஓட, சின்ன ரயில் மட்டும் ஏன் நிற்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். நம் பக்கம் ஓடும் டபிள்யூஏபி-7 எஞ்சினின் எடை 123 டன். எச்ஓ அளவு மாடல் 87-இல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை 6,58,503-இல் ஒரு பங்காகும். வகுத்தால் 187 கிராம்! ஒரு டம்ளர் தண்ணீரின் எடைகூட இல்லை. ஆனால் தூசி மட்டும் 87 மடங்கு சின்னதாவதில்லை. பெரிய எஞ்சின் நசுக்கிக்கொண்டு போகும் அழுக்கின் மேல் சின்ன எஞ்சின் ஏறி நின்றுவிடுகிறது.

அடுத்து, எத்தனை சக்கரம் கரண்ட் எடுக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த எஞ்சின்களில் பல, பக்கத்துக்கு இரண்டு சக்கரத்தில் மட்டுமே எடுக்கும். வழுக்காமல் இழுக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்தால் அந்தச் சக்கரமும் கணக்கில் சேராது. ஒரு சக்கரம் தொடர்பு இழக்க பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு இரண்டு சக்கரம் என்றால், ஏதாவது ஒரு பக்கம் முழுவதும் அறுந்துபோக நூற்றுக்குச் சுமார் 2 வாய்ப்பு. பக்கத்துக்கு நான்கு என்றால் பத்தாயிரத்துக்கு 2 தான். சக்கரம் இரண்டு மடங்கு, நிற்பது நூறில் ஒரு பங்கு. பாயிண்டின் நடுவில் கரண்ட் இல்லாத பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதைத் தாண்டும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இனி செய்ய வேண்டியது. கரண்டை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் தொட்டுச் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடையுங்கள். அது தீப்பிடிக்கக்கூடியது. நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு உட்காரும்.

பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகச் சக்கரமாக மாற்றுங்கள். நிக்கல் சில்வர் என்று விற்பார்கள். அதில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். நம் வீட்டு விசேஷங்களில் குங்குமச் சிமிழாகக் கொடுக்கிறார்களே, அதே ஜெர்மன் சில்வர்தான். வாங்கும் முன் அச்சின் நீளத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் சக்கரம் சுழலாது.

பிக்கப் என்பது சக்கரத்தின் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு அல்லது கம்பி. கரண்ட் எடுக்காத சக்கரங்களுக்கும் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் ஒன்று செய்து, மெல்லிய ஒயரால் சால்டர் வைத்துவிடலாம். உள்ளே சக்கரமும் உலோகமாக இருக்க வேண்டும். கம்பி தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும். இடது ஒயர் இடதோடு, வலது வலதோடு. மல்டிமீட்டரில் சோதித்துவிட்டு ஓட்டுங்கள்.

"டிஜிட்டல் செட்டில் இந்தத் தொல்லை இருக்காதே?" என்று கேட்பீர்கள். அதில் கரண்ட்டும் எஞ்சினுக்குப் போகும் கட்டளையும் அதே தண்டவாளம், அதே சக்கரம் வழியாகத்தான் வருகின்றன. தொடர்பு விட்டால் இரண்டுமே போகும். கண நேரம் சமாளிக்க ஒரு கெபாசிட்டர் வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழுக்குச் சக்கரத்துக்கு அது மருந்தாகாது. பல்சக்கரம் உடைந்திருந்தாலோ மோட்டார் எரிந்திருந்தாலோ மாற்றிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. விரலால் தட்டினால் ஓடுகிற எஞ்சினுக்கு அந்த நோய் இல்லை.

இது காசுள்ளவர் வீட்டு விளையாட்டு என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் பாடம் காசுள்ளவருக்கு மட்டும் உரியதல்ல. டார்ச் லைட்டின் ஸ்பிரிங், டிவி ரிமோட்டின் பேட்டரித் தகடு, இரண்டிலும் இதே கோளாறுதான் வரும். திறந்து, பார்த்து, துடைத்தால் பாதி சரியாகிவிடும்.

எனக்குக் கவலை பொம்மையைப் பற்றியல்ல. நின்றுபோன எஞ்சினுக்குப் பதில் மறுநாளே புது எஞ்சின் வந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? கெட்டுப்போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்றும், அது தன் கைக்கு வராத வேலை என்றும் கற்றுக்கொள்ளும். சுற்று, மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, அது மூன்றும் தன் கையிலிருக்கும் சக்கரத்தில் இருப்பது தெரியாமலே போய்விடும். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததன் சாரமே செய்து கற்றல்தான். பள்ளியில் அதற்கு நேரம் சுருங்கிவிட்டது. வீட்டிலாவது இருக்கட்டும்.

ஆகவே, இந்த விடுமுறையில் பரணில் கிடப்பதை இறக்குங்கள். பிள்ளை கையில் ஒரு துணியும் சின்ன ஸ்க்ரூடிரைவரும் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். வண்டி பாயிண்டைத் தாண்டிய அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தச் சக்கரத்தில் கோளாறு இருந்தது என்று பிள்ளையே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், செஞ்சி