"யார் பெரியவர்?" என்ற சண்டை வேண்டாம்

"இயேசு பெரியவரா, முஹம்மது நபி பெரியவரா?" என்று வகுப்பில் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். இது பெரியவர்களின் பேச்சிலிருந்தும் முகநூலிலிருந்தும் வருவது.

அல்குர்ஆனில் முஹம்மது (ஸல்) அவர்களின் பெயர் 4 இடங்களில் வருகிறது, ஈஸா (அலை) அவர்களின் பெயர் 25 இடங்களில் வருகிறது. 19ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம். மக்காவில் துன்பப்பட்ட ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்தவர் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜாஷி. ஜஃபர் (ரலி) அவர் முன்னால் ஓதிக் காட்டியதும் அந்த அத்தியாயத்தைத்தான்.

வித்தியாசம் இல்லையென்று சொல்லவில்லை. இயேசு இறைமகன், சிலுவையில் மரித்தார் என்பது அவர்களின் நம்பிக்கை. அவர் இறைத்தூதர், சிலுவையில் அறையப்படவில்லை என்பது எங்கள் நம்பிக்கை. இதை மறைக்கவும் வேண்டாம், ஏளனம் செய்யவும் வேண்டாம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, வட்டகொடையில் கிறிஸ்தவ அயலவர்களின் முகம் பார்க்க நாங்கள் கூசிய நாட்களை மறக்க முடியாது. பெற்றோரே, பக்கத்து லயத்திலிருந்து நத்தார் கேக் வரும்போது பிள்ளைக்கு மர்யம் அத்தியாயத்தின் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.