வில்லிசை மேடையும் விவசாயமும்

'ஏலே', 'என்னவே', 'அண்ணாச்சி' என்று ஊர்ப் பேச்சு மேடையேறினால் கொடைவிழாக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக்கு இருக்கும் பலம் அது.

இந்தக் கலையை நாடறியச் செய்தவர் சுப்பு ஆறுமுகம். 1928-ல் நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துச் செல்ல, சாமி கதைகளோடு காந்தியின் கதையையும் வில்லில் பாடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் மறைந்தார். சிரிக்க வைத்துக்கொண்டே சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவது அவர் பாணி.

வேளாண் பக்கத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மக்காச்சோளப் படைப்புழு 2018-ல் இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் நம் கரிசல் காடுகளுக்கும் வந்துவிட்டது. அப்போது ஒரு கூட்டத்தில் 'பொருளாதாரச் சேதநிலை' என்று அரை மணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் ஒரு பெரியவர், "நீங்க சொன்னது நல்லாருக்கு சார், மருந்து பேரை மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். தவறு அவருடையதல்ல, என் மொழியுடையது.

வில்லிசையில் புலவர் பாடுவார். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார், இடைமறித்துக் கேள்வியும் கேட்பார். அது விவசாயி கேட்கும் கேள்வியாக இருந்தால் எப்படி இருக்கும்?

"என்னவே, குருத்துல ரம்பத்தூள் மாதிரி கிடக்கே, தச்சு வேலையா நடக்கு?"

"புழு போட்ட எச்சம்வே அது! கடைக்கு ஓடுறதுக்கு முன்னால குருத்தப் பிரிச்சுப் பாரும்."

ஒரு துண்டுப் பிரசுரம் சொல்வது இந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது.

காலமும் பொருந்துகிறது. கோயில் கொடைகள் பெரும்பாலும் புரட்டாசி விதைப்புக்கு முன்பே முடிந்துவிடும். கோடை உழவால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும் என்பதையும், கடைசி உழவில் எக்டருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இட வேண்டும் என்பதையும் சொல்ல அதுவே தக்க நேரம்.

1960-களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 ரகத்தை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் வந்த பெயர் அது. காதுக்குப் பிடித்தது வயலுக்கும் வரும்.

விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்குக் கலைக்குழுவை அழைக்கும்போது அலுவலக நடையில் எழுதிய தாளை அவர்கள் கையில் திணிக்க வேண்டாம். செய்தியை நாம் சரிபார்ப்போம். சொல்லை அவர்களிடம் விடுவோம். உரிய சன்மானமும் தருவோம். கொடை மேடைகளை இன்னிசைக் கச்சேரிகள் பிடித்துவரும் காலத்தில், அந்தக் கலைஞர்களுக்கும் இது ஒரு விதைப்புதான்.