தொடங்குவது வேறு, தொடர்வது வேறு

பருவத் தொடக்க வாரத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கணினி ஆய்வகங்கள் பலவற்றில் தவறாமல் அரங்கேறும் காட்சி ஒன்று உண்டு. மாலையில் நாற்பது கணினிகளில் நிறுவல் ஸ்கிரிப்ட் ஓடவிடப்படுகிறது. டிரைவர்கள், கம்பைலர், புள்ளியியல் மென்பொருள் என எல்லாம் மனிதக் கை படாமல் நிறுவப்பட வேண்டும். இடையே இரண்டு மூன்று முறை ரீபூட் ஆக வேண்டும். காலையில் ஆய்வகம் ஆயத்தமாக இருக்க வேண்டும். இதுதான் திட்டம். காலையில் கதவைத் திறந்தால் பாதிக் கணினிகள் லாக்இன் திரையில் வாய்மூடி நிற்கின்றன. ரீபூட் நடந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் மட்டும் விட்ட இடத்திலிருந்து எழவில்லை.

அதன்பின் நடப்பதுதான் வெட்கக்கேடு. பழைய கணினி, மின்வெட்டு, வைரஸ், ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டும்படி ஆணை பிறக்கிறது. ஏன் நின்றது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கணினி அறிவியல் கற்பிக்கப்படும் அதே கட்டடத்தில், கணினி ஏன் நின்றது என்பது அறிவு சார்ந்த கேள்வியாகவே கருதப்படுவதில்லை.

தமிழில் தொடங்குதல் ஒரு வினை. தொடர்தல் வேறொரு வினை. 'மறுதொடக்கம்' என்ற சொல்லோ இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கச் செய்துவிட்டது. ரீபூட்டில் இயந்திரம் தொடங்குகிறது, எதையும் தொடர்வதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்டின் மாறிகள், அது நின்ற வரி, அதற்கு வழங்கப்பட்டிருந்த நிர்வாகி உரிமை, அது இருந்த கோப்புறை ஆகிய யாவும் நினைவகத்தோடு அழிந்துவிடுகின்றன. எஞ்சுவது வட்டில் எழுதப்பட்டது மட்டுமே. எனவே ஸ்கிரிப்ட் தானாகத் தொடரும் என எதிர்பார்ப்பது, குறிப்பு எதுவும் எழுதி வைக்காமல் பணி மாறிச் சென்ற ஒருவரின் வேலையை அடுத்து வருபவர் அப்படியே தொடர வேண்டும் என எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும். இயந்திரம் எதையும் மறக்கவில்லை. நினைவில் வைக்கும்படி அதனிடம் எவரும் சொல்லவில்லை.

விண்டோஸில் இது எவ்வாறு நிகழ்கிறது என்று பார்க்கலாம். பல ஸ்கிரிப்ட்டுகள் ரெஜிஸ்ட்ரியிலுள்ள 'ரன்ஒன்ஸ்' பதிவை நம்புகின்றன. அப்பதிவு கணினி எழும்போது இயங்குவதன்று. பயனர் லாக்இன் செய்யும்போதே இயங்கும். ஆளில்லாத ஆய்வகத்தில் நள்ளிரவில் லாக்இன் செய்பவர் யார்? தானியங்கி லாக்இன் அமைத்திருந்தாலும் அதற்கு எண்ணிக்கை வரம்பு இருக்கலாம். ஒருமுறை என்று எழுதப்பட்டிருக்கையில் ஏதோவொரு அப்டேட் கூடுதலாக ஒரு ரீபூட்டைக் கேட்டால், இரண்டாம் முறை கணினி கடவுச்சொல்லுக்காகக் காத்து நிற்கும். மேலும், இயல்பு நிலையில் ரன்ஒன்ஸ் பதிவு, கட்டளை இயங்கும் முன்பே அழிக்கப்பட்டுவிடும். கட்டளை பாதியில் தோற்றால் மறுமுறை எழுப்ப எதுவும் மிஞ்சாது. பதிவின் பெயருக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி இட்டால், கட்டளை ஓடி முடித்த பிறகே அது அழிக்கப்படும். ஓர் இரவின் உழைப்பு அந்த ஒற்றைக் குறியில் தொங்குகிறது.

இதைத் தவிர்க்க, கணினி எழும்போதே இயங்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் கணக்கின் பெயரில் பணி அமைப்போர் உண்டு. லாக்இன் சிக்கல் தீரும்; வேறு சிக்கல் முளைக்கும். பயனர் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் எழுத்து அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் தன் கோப்புறையில் இருப்பதாக எண்ணித் தேடும் கோப்பு, அது உண்மையில் நிற்கும் கோப்புறையில் இராது. நிறுவி 3010 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால், நிறுவல் வெற்றி, ரீபூட் மட்டும் தேவை என்று பொருள். சுழியம் அல்லாத எதையும் தோல்வி எனக் கொள்ளும் ஸ்கிரிப்ட், அந்த வெற்றியைக் கண்டே தன்னை நிறுத்திக்கொள்கிறது.

லினக்ஸ் பக்கம் தாவினால் தப்பிக்கலாம் என்பதும் மயக்கமே. எதுவரை முடிந்தது என்ற குறிப்பை 'டிஎம்பி' கோப்புறையில் வைத்தால், பல லினக்ஸ் வெளியீடுகளில் ரீபூட்டோடு அது காணாமற்போகும். சிஸ்டம்டி சேவை நெட்வொர்க் எழுமுன் ஓடத் தொடங்கினால் முதல் பதிவிறக்கத்திலேயே விழும். கிளவுட்-இனிட்டில் பல படிகள் ஒரு கணினிக்கு ஒருமுறை மட்டுமே ஓடும்படி அமைந்தவை. இரண்டாம் ரீபூட்டுக்குப் பிறகு அவை ஓடவில்லை என்று குறை கூறுவது, கையேட்டைப் படிக்காததை ஒப்புக்கொள்வதே ஆகும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வெளியார் டிரைவரை நிறுவினால், ரீபூட்டின்போது சாவியைப் பதிவு செய்யுமாறு ஒரு நீலத்திரை சில வினாடிகள் மனிதக் கையை எதிர்பார்த்து நிற்கும். கை இல்லையேல் கணினி எழும், டிரைவர் எழாது.

இவற்றிற்கெல்லாம் கருவிகள் வந்துவிட்டனவே என்பர். ஆன்சிபிள் கணினியை ரீபூட் செய்து, அது மீளும் வரை காத்திருந்து, அடுத்த படிக்குச் செல்கிறது. உண்மைதான். அதன் நினைவு வேறொரு கணினியில் இருப்பதால்தான் அது இயல்கிறது. கொள்கை மாறவில்லை, குறிப்பேட்டின் இடம் மாறியிருக்கிறது. கருவியை மட்டும் நம்புவோர்க்குப் பவர்ஷெல் ஒரு பாடம். 2012-இல் அதன் மூன்றாம் பதிப்பு, ரீபூட்டைத் தாண்டித் தொடரவல்ல 'ஒர்க்ஃபுளோ' வசதியோடு வந்தது. 2018-இல் வெளியான ஆறாம் பதிப்பில் அவ்வசதி இல்லை. கருவி போகும்; அது தீர்த்த சிக்கல் போகாது.

முதலிலிருந்து ஓட்டினால் போதுமே என்பது அடுத்த வாதம். ஒவ்வொரு படியும் எத்தனை முறை ஓடினாலும் ஒரே விளைவைத் தருமானால் அது சரி. பாதி நிறுவப்பட்ட மென்பொருளின்மேல் மறுபடி நிறுவுவதும், அமைவுக் கோப்பில் அதே வரியை மூன்றாம் முறை சேர்ப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சிந்திக்காமல் திரும்ப ஓட்டுவது பழுது நீக்கல் ஆகாது, பழுதைப் பெருக்குவதாகும்.

இதன் விடை இந்தியப் பாடத்திட்டங்களுக்குப் புதியதும் அன்று. சென்னை ஐஐடியில் பயின்ற சி. மோகனும் உடனாய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட ஏரிஸ் முறை, தரவுதளம் திடீரென விழுந்தால் எப்படி மீள்வது என்பதை வகுத்தது. மாற்றம் வட்டை அடையுமுன் அதன் குறிப்பு வட்டில் இருக்க வேண்டும். எழும்போது முதலில் ஆராய்தல், பின் மறுபடி செய்தல், அதன்பின் முடிவுறாததை நீக்குதல். மாணவர்கள் இதைத் தேர்வுக்கு எழுதுகிறார்கள். அதே துறையின் ஆய்வகத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒரு வரிக் குறிப்பைக் கூட எழுதுவதில்லை. வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே இருப்பது ஒரு சுவர் மட்டும் அன்று.

ஸ்கிரிப்ட் எழவில்லையெனில் முறையாகக் கேட்க வேண்டியவை ஐந்து. எதுவரை முடிந்தது என்பது ரீபூட்டைத் தாங்கும் இடத்தில் எழுதப்பட்டதா? ரீபூட்டுக்குப் பின் அதை எழுப்பும் பொறுப்பு எதனிடம் உள்ளது? எந்தக் கணக்கின் உரிமையோடு எழுகிறது? எழும் கணத்தில் அதற்கு வேண்டியவை வந்து சேர்ந்துவிட்டனவா? விழுந்தால், விழுந்த இடத்தைச் சொல்லும் பதிவுக் கோப்பு எங்கே? இவ்வைந்துக்கும் விடை உள்ள ஸ்கிரிப்ட்டே முடிந்த ஸ்கிரிப்ட். அதைச் சோதிக்கும் முறையும் எளிது: நிறுவலின் நடுவே வேண்டுமென்றே மின்னிணைப்பைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். மின்வெட்டைக் காரணம் காட்டும் நாட்டில், மின்வெட்டைத் தாங்காத ஸ்கிரிப்ட் சோதிக்கப்படாத ஸ்கிரிப்ட்டே.

இந்த அறிவு ஆய்வகங்களில் இல்லாமலும் இல்லை. ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் உதவியாளர்கள் பலர், எந்தக் கணினி எந்த ரீபூட்டில் நிற்கும் என்பதை இரவுகளைக் கொடுத்துக் கற்றவர்கள். அதை எழுதி வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, எழுதினால் மதிப்பும் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அந்த அறிவு அவர்களோடு வெளியேறுகிறது. துறை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நினைவை எங்கும் எழுதி வைக்காத ஸ்கிரிப்ட்டைப் பழிக்கும் துறை, தன்னையே அவ்வாறுதான் நடத்திக்கொள்கிறது.

நிறுவல் ஸ்கிரிப்ட்டுகள் எழுதியவரின் பெயரோடு துறையின் களஞ்சியத்தில் இருக்கட்டும். பாதியில் நிறுத்தி எழுப்பும் பயிற்சி முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் இடம்பெறட்டும். உதவியாளர் எழுதிய பழுதுக் குறிப்பு பணி மதிப்பீட்டில் கணக்கில் வரட்டும். அதுவரை ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வகங்கள் தொடங்கும், தொடரா.