வாசல் நிலையில் ஒரு பள்ளம்



குடும்பமாய் ஊர் சுற்றப் புறப்படுகிறவர்கள் ஒரு காரியத்தை மறந்துவிடுகிறோம். வீட்டில் எல்லாருடைய கால்களும் ஒன்றல்ல. தகப்பன் முன்னே போகிறார், பாட்டி பின்தங்குகிறார், சின்னவன் வழியில் உட்கார்ந்துகொள்கிறான். யாக்கோபு தன் சகோதரனோடு வேகமாய்ச் செல்ல இசையாமல், தன் பிள்ளைகளின் பெலனைக் கணக்கிட்டு மெதுவாய் நடந்தான் அல்லவா? அவ்வண்ணமே நடக்க ஏற்ற ஓர் ஊரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அது போர்ச்சுகல் நாட்டின் கிழக்கு எல்லையில் உள்ள காஸ்டெலோ டி விடே என்னும் சிற்றூர்.

தலைநகர் லிஸ்பனிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் அங்கே சேரலாம். சாவோ மமேடே மலைத்தொடரின் ஒரு சரிவில், வெள்ளையடித்த வீடுகளும் ஓட்டுக் கூரைகளுமாய் ஊர் அமைந்திருக்கிறது. உச்சியில் கோட்டை, கிழக்கே ஸ்பெயின். 1297ஆம் ஆண்டு அல்கானிசெஸ் உடன்படிக்கையினால் இரு நாடுகளின் எல்லை வரையறுக்கப்பட்ட காலத்தில், தினிஸ் அரசர் இக்கோட்டையைப் பலப்படுத்தினார். இன்று அந்த எல்லையில் காவலர் நின்று வழிமறிப்பதில்லை. வழக்கமான எல்லைச் சோதனை 1995ல் நீக்கப்பட்டது. ஆனால் ஒரு காலத்தில் இவ்வெல்லையைக் கடப்பது வாழ்வா சாவா என்னும் காரியமாய் இருந்தது. அதை அறிந்து நடந்தால்தான் இவ்வூரின் கற்கள் நம்மோடு பேசும்.

மூன்று எளிய நடைகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஆற்றங்கரை நடை. காஸ்டெலோ டி விடேயிலிருந்து காரில் சிறிது தூரம் சென்றால், மார்வாவோ என்னும் மலைக்கோட்டை ஊரின் அடிவாரத்தில் போர்ட்டாஜெம் என்னும் இடம் வரும். செவெர் என்னும் சிறு ஆறு, ஒரு பழைய கற்பாலம், அதன் அருகே ஒரு கோபுரம். கரையோரம் சமதரையானபடியால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் நடக்கலாம். "போர்ட்டாஜெம்" என்ற சொல்லுக்குச் சுங்கம் என்று பொருள். இங்கே வரி வசூலித்தார்கள்.

1492ல் ஸ்பெயின் தேசத்து அரசனும் அரசியும் யூதர்கள் யாவரும் ஞானஸ்நானம் பெறவேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார்கள். வீட்டையும் நிலத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத் திரளான குடும்பங்கள் மேற்கு நோக்கி நடந்தன. அவர்களில் பலர் இந்த வழியாய் வந்தார்கள். போர்ச்சுகல் அரசர் இரண்டாம் ஜான் அவர்களுக்கு வழிதிறந்தார். ஆனால் இலவசமாய் அல்ல. பெரும்பாலோருக்குத் தலைக்கு எட்டு குருசாடோ நாணயம் வரி. தங்குவதற்கு எட்டு மாதத் தவணை. தவணைக்குள் வெளியேற முடியாதவர்கள் அடிமைகளாக்கப்பட்டார்கள். 1493ல் அநேகருடைய பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, ஆப்பிரிக்கக் கடலிலுள்ள சாவோ டோமே தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று உங்கள் பிள்ளைகள் கல் எறிந்து விளையாடும் அதே ஆற்றோரத்தில், அன்று தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளின் தலைகளை எண்ணி நாணயங்களையும் எண்ணியிருப்பார்கள்.

இரண்டாவது, ஊருக்குள் நடை. இதை மேலிருந்து கீழாக நடப்பது நல்லது. கோட்டையில் தொடங்கி ஊற்றில் முடியுங்கள். மதிலுக்குள்ளேயே ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யூதத் தெருவில் இறங்குங்கள். தெரு செங்குத்தானது, தரையில் பதித்த கற்கள் மழைநாளில் வழுக்கும். ஆகவே ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி அணியுங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்ல எண்ணவேண்டாம். இடுப்பிலோ தோளிலோ தூக்கிக்கொள்ளுங்கள். வாசல்தோறும் பூந்தொட்டிகள் வைத்திருப்பதால் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாது. தூரமோ மிகக் குறைவு. நின்று நின்று இறங்கினாலும் ஒரு காலைப்பொழுது தாராளமாய்ப் போதும்.

இத்தெருவில் கூர்மையான வளைவுடைய கல்வாசல்கள் அநேகம் உண்டு. சிலவற்றின் நிலைக்கல்லில் ஒரு சிறு பள்ளம் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். உங்கள் பிள்ளை அதில் விரலை விட்டுப் பார்த்து, "இது என்னப்பா?" என்று கேட்கும். உபாகமத்தை வாசித்திருக்கிற நமக்கு விடை தெரியும். தேவனுடைய வார்த்தைகளை வீட்டு நிலைகளில் எழுதும்படி இஸ்ரவேலர் பெற்ற கட்டளையின்படி, வசனம் எழுதிய தோற்சுருளைச் சிறு பேழையில் வைத்து வாசல் நிலையில் பதிப்பது யூதர் வழக்கம். அதற்காகச் செதுக்கிய இடமே அது. பேழை போய்விட்டது; பள்ளம் நிற்கிறது.

ஏன் போயிற்று? 1496ஆம் ஆண்டு டிசம்பரில் மானுவேல் அரசர் போர்ச்சுகலிலும் யூதரை வெளியேற்றும் ஆணையைப் பிறப்பித்தார். 1497ல் வெளியேறும் வழிகளையும் அடைத்து, பலவந்தமாய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1536ல் விசாரணை மன்றம் ஏற்பட்டபின், ஒருவன் தன் வீட்டுக்குள் எதை உண்கிறான், எந்நாளில் ஓய்ந்திருக்கிறான் என்பதும் குற்றச்சாட்டாயிற்று. இத்தெருவில் ஜெப ஆலயமாய் இருந்ததென்று கருதப்படும் சிறு வீடு இப்போது அருங்காட்சியகமாய் உள்ளது. அதையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஊர் ஊற்று வரும். கல்தூண்கள் தாங்கும் கூரையின் கீழ் இன்றும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. பாட்டியை அங்கே அமரச் செய்யுங்கள். கடையில் ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் சேர்த்த போலெய்மா என்னும் தட்டையான பலகாரம் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். இது யூதரின் புளிப்பில்லாத அப்பத்தின் வழிவந்தது என்பர்.

மூன்றாவது, வயல்வெளி நடை. ஊருக்கு வடக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் மெயாடா நெடுங்கல் நிற்கிறது. வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் நாட்டிய இக்கல் 7 மீட்டருக்கு மேல் உயரமுடையது. இபேரியத் தீபகற்பத்தில் இதுவே மிக உயர்ந்த நெடுங்கல் என்கிறார்கள். முறிந்து கிடந்ததை இணைத்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று நடந்தால் போதும். ஓடியாட இடமிருப்பதால் சிறுவர்களுக்கு இதுவே மிகவும் பிடிக்கும்.

கோடையில் அப்பகுதியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே உகந்தவை. தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

மும்பையில் குடியிருக்கும் வாசகர்களே, உங்களுக்கு இவ்வூரோடு ஒரு தொடர்பு உண்டு. ஸ்பெயினிலிருந்து அவ்விதம் எல்லை கடந்து வந்த ஒரு குடும்பத்தில், ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில், இதே காஸ்டெலோ டி விடேயில் பிறந்தவர் கார்சியா டி ஓர்ட்டா. மருத்துவம் படித்து, 1534ல் கப்பலேறி கோவாவுக்கு வந்தார். இந்நாட்டு மூலிகைகளையும் வாசனைப் பொருட்களையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1563ல் கோவாவில் அச்சாயிற்று. அன்றைய பம்பாய்த் தீவு 1550களில் அவருக்குக் குத்தகையாய் அளிக்கப்பட்டது. நீங்கள் தினந்தோறும் ரயிலில் நெருக்கிக்கொண்டு செல்லும் அந்தப் பட்டணத்தின் பழைய தீவு, ஒரு காலத்தில் அகதிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் தோட்டமாய் இருந்தது!

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. 1568ல் அவர் மரித்தார். மறு ஆண்டு அவருடைய சகோதரி, இரகசியமாய் யூத மார்க்கத்தைக் கைக்கொண்டாள் என்று கோவாவில் எரிக்கப்பட்டாள். 1580ல் அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். இவற்றையெல்லாம் செய்தவர்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே செய்தார்கள் என்பதை நாம் மறைக்கலாகாது.

இந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவேண்டும் என்பதே என் எண்ணம். 1989ல் போர்ச்சுகல் ஜனாதிபதி மாரியோ சோவாரெஸ் இதே ஊரில் நின்று, தம் நாடு யூதருக்கு இழைத்த துன்பங்களுக்காக வெளியரங்கமாய் மன்னிப்புக் கேட்டார். அக்குற்றத்தை அவர் செய்யவில்லை. அது நடந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும், "அது என் காலத்தில் நடக்கவில்லை" என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

நாமும் பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். புதிய பட்டணத்தில் முதல் வாடகை வீட்டைத் தேடி அலைந்த நாட்களை மறந்திருக்கமாட்டோம். எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. உள்ளே வரச்சொல்லித் தண்ணீர் கொடுத்தவர்களும் உண்டு. இன்று நம் தெருவுக்கு வேறொரு மாநிலத்திலிருந்து மூட்டையோடு வந்து நிற்கும் குடும்பத்திற்கு நாம் எந்தக் கதவு?

பயணம் போகிறவர்கள் இவ்வூரில் நிதானமாய் நடங்கள். பிள்ளை அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக் கேட்கும்போது, "ஒன்றுமில்லை, வா" என்று இழுத்துச் செல்லாதிருங்கள். நின்று, முழுவதையும் சொல்லுங்கள். போக இயலாதவர்கள் இன்றிரவு உணவுவேளையில் இக்கதையைச் சொல்லிவிட்டு, புதிதாய்க் குடிவந்த அந்த அண்டை வீட்டாரின் பெயர் என்னவென்று பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். ஒருவருக்கும் தெரியாவிட்டால், குடும்பமாய் நடக்கவேண்டிய முதல் நடை அந்த வாசல் வரைக்குமே.