நாம் சொன்னால் கேட்பார்கள்!

 

மதுரையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எங்க பெரியம்மா மகள் அக்கா, பொங்கல் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அம்மாச்சி வேர்க்கடலை அவித்து வைத்தார். என் தம்பி தொடவே இல்லை. "டவுன்ல இதெல்லாம் யாரும் திங்க மாட்டாங்க, எனக்கு சிப்ஸ்தான் வேணும்"னு ஒரே அழுகை. அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அக்கா திட்டவே இல்லை. கடலையை உரித்துத் தின்றுகொண்டே, "நானும் டவுன்தாண்டா, நான் திங்கிறேனே" என்றாங்க. அவ்வளவுதான்! தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஒரு காலி சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தை என்னைப் படிக்கச் சொன்னாங்க. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். அதாவது 2 கிராம் உப்பு! பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்ன பாக்கெட்டில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் நாம் ஒரு பாக்கெட்டோடு நிறுத்துகிறோமா?

கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் 51-ஆவது மீட்டரில் கடை இருக்கிறதே! அங்கே நம்மைத் தடுக்க யாரும் இல்லை. கூட வருகிற தோழி மட்டும்தான் இருக்கிறாள்.

அதனால் என் கருத்து இதுதான். பெரியவர்கள் சொன்னால் அறிவுரை என்று நாம் காதில் வாங்குவதில்லை. நம் வயதுக்காரர்கள் சொன்னால் கேட்கிறோம். அதிலும் டவுன் பிள்ளைகள் தின்பதைத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். எனவே டவுனில் படிக்கும் அக்கா, அண்ணன்கள்தான் இதை முதலில் செய்து காட்ட வேண்டும். மேடையில் பேசிப் பரிசு வாங்கிவிட்டு, வெளியே வந்து சிப்ஸ் வாங்கினால் யார் நம்புவார்கள்? (போன வருஷம் பேச்சுப் போட்டி முடிந்ததும் நானும் அப்படித்தான் செய்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்!)

நாமும் சும்மா இருக்க வேண்டாம். கடைக்காரப் பாட்டி நாம் கேட்பதைத்தான் விற்கிறார். பத்துப் பேர் சேர்ந்து அவித்த கடலை, சுண்டல், கொய்யாப்பழம் கேட்டால் அதையும் வைப்பார். அவர் பிழைப்பும் கெடாது, நம் உடம்பும் கெடாது. வரும் திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நான் போய்க் கேட்கப் போகிறேன். யார் யார் கூட வர்றீங்க?



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி