மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா?

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்து, திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை நிறைவு செய்தார். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் இந்நான்கும் எளிதில் கூடிவிடுகின்றன. மனச்சோர்வு என்று வரும்போதோ, நோயாளி வாய் திறவாமல் தனித்து நின்றுவிடுகிறார்.

வாழ்க்கைத் துணையை இழந்து, ஊணும் உறக்கமும் குன்றி, நாள்தோறும் சென்ற கோயிலுக்கும் போக மனமின்றி ஒடுங்கிவிட்ட ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை தருகிறார். முதல் வாரத்திலேயே குமட்டலும் படபடப்பும் வருகின்றன, மனத்தெளிவு வரவில்லை. 'நோயைவிட மருந்தே பெருந்தொல்லை' என்று முடிவு செய்து, மகனிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்.

இவ்வகை மருந்துகளில் தொல்லை முந்தும், பயன் பிந்தும். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். சோர்வு விலகத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதியவர்களுக்கு மேலும் சில வாரங்கள் ஆகலாம். செலவை மட்டும் எழுதி, வரவு வருமுன் கணக்கை முடிப்பது முறையன்று.

ஆயினும், எல்லாத் தொல்லைகளும் பொறுத்துக்கொள்ளத்தக்கவை அல்ல. எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை முதியவர் சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்துவிடும். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையும் உண்பவர்களுக்கு இவ்வாய்ப்பு மிகுதி. தலைவலி, மனக்குழப்பம், நடையில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால், 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்காமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ உடன் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு நேரக்கூடும். பழைய வகையைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தரும். புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் தடைபடலாம். சந்நிதியில் விழுந்து வணங்கி எழும்போது கண் இருண்டால், அதுவும் மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தியே.

ஒரு மருந்து ஒத்துவராவிடில் வேறு மருந்து உண்டு. மிர்ட்டாசபின் உறக்கத்தையும் பசியையும் மிகுவிக்கும். உடல் எடையும் கூடும். மெலிந்து உறக்கமற்றிருப்பவருக்கு அது நன்மை. சர்க்கரை நோயும் பருமனும் உடையவருக்கு அது சுமை. ஆகவே, பக்கத்து வீட்டாருக்குப் பலித்தது என்பது இங்கே அளவுகோல் ஆகாது.

மாற்றுவதற்கும் முறை உண்டு. பழைய மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதை மெல்லக் கூட்டுவது ஒரு வழி. ஃபுளுவாக்ஸெடின் நிறுத்திய பின்னும் பல வாரங்கள் உடலில் தங்குவதால், அதற்கு இடைவெளி தேவைப்படலாம். எதையும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், உறக்கமின்மை, எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு ஆகியவை தோன்றலாம். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் உண்பவர்களுக்கு இது மிகுதி. இதனை 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம்' என்று அஞ்சுவோர் பலர். உண்மையில் இது, மருந்துக்குப் பழகிய உடல் மெல்ல விடுபடக் கேட்கும் அவகாசம். நலம்பெற்ற பின்னரும் குறைந்தது 6 மாதங்கள் தொடருமாறு மருத்துவர்கள் கூறுவது, நோய் திரும்பாமல் காப்பதற்கே.

விரத நாள்களில் மாத்திரையையும் விட்டுவிடுவோர் உளர். விரதத்தைக் கெடுக்காதவை என எட்டினை மகாபாரதம் குறிப்பிடுகிறது. நீர், கனி, பால் முதலியவற்றோடு மருந்தும் அவற்றுள் ஒன்று. தலயாத்திரை புறப்படுவோரும் நாள்களை எண்ணி, மாத்திரைகளைக் கூடுதலாகவே எடுத்துச் செல்வது நலம்.

'மருத்துவர் தந்ததைக் குறை கூறலாமா?' என்ற தயக்கமே பல முதியவர்களை மௌனமாக்குகிறது. நோயாளி சொன்னாலன்றி மருத்துவர் அறிய வழியில்லை. அருகிருப்போர் என்று தொடங்கியது, எந்த அளவு, எந்நாளில் என்ன தொல்லை என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் இட்டு உடன் செல்லட்டும். 'இனி வாழ்ந்து என்ன?' என்ற சொல் பெரியவர் வாயிலிருந்து வருமாயின், குறித்த தேதி வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். அச்சொல்லைக் கேட்கும் தொலைவில் ஒருவர் இருப்பதும் மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கே.