வீடியோ பாடம் மட்டும் போதுமா?

தொலைநிலைக் கல்வியில் படிப்பதற்காகவே இன்று பலர் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். பாடங்கள் வீடியோவாகக் கிடைக்கின்றன. வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். புரியாவிட்டால் திரும்பவும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் புள்ளியியலை வீடியோ பார்த்தே கற்றுவிட முடியுமா? முடியாது என்பது என் கருத்து.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு. நான் பெங்களூருவில் சாப்ட்வேர் இன்ஜினியர். என் அக்கா திருமணத்துக்குப் பிறகு தொலைநிலையில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தார். புள்ளியியல் தாளில் இரண்டு முறை அரியர். பல்கலைக்கழகம் கொடுத்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்திருந்தார். "பார்க்கும்போது எல்லாம் புரியுதுடா, கணக்குன்னு உட்கார்ந்தா வரல" என்றார்.

ஒருநாள் போனில், "திட்ட விலக்கத்துல எதுக்குடா வர்க்கம் போடறாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வீடியோவிடம் கேட்க முடியாதே!

எங்கள் ஊர்தான் தக்காளிக்குப் பெயர் பெற்றதாயிற்றே. ஐந்து நாட்களில் ஒரு பெட்டித் தக்காளி ரூ.200, 220, 210, 230, 640 என விற்றதாக வைத்துக்கொள்வோம் என்றேன். எக்செல்லில் டைப் செய்யச் சொன்னேன். சராசரி 300 வந்தது. "நாலு நாள் 230-ஐத் தாண்டவே இல்லையே, எப்படிடா 300?" என்றார். ஒரே நாள் விலை சராசரியைத் தூக்கிவிட்டது. இடைநிலை அளவு 220தான். அடுத்து ஒவ்வொரு விலையிலிருந்தும் 300-ஐக் கழித்துக் கூட்டச் சொன்னேன். விடை பூஜ்யம். குறைவும் கூடுதலும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அதனால்தான் வர்க்கம் போட்டு மைனஸை நீக்குகிறோம். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் இணைந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் முதலில் பாடங்கள் மட்டுமே இருந்தன. 2014-ல் வாராந்திரப் பயிற்சிகளும், மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வும் கொண்ட சான்றிதழ் படிப்புகள் வந்தன. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பிலும் புள்ளியியல் பாடம் பதிவு செய்த வீடியோதான். ஆனால் வாராவாரம் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும், சந்தேகமும் கேட்கலாம். வீடியோவை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் எத்தனையோ அரியர்கள் குறையும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஆசிரியர் கணக்கை எழுதியதும் வீடியோவை நிறுத்துங்கள். யூடியூப் என்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். விடையை எக்செல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ சரிபாருங்கள். பிறகு வீடியோவை ஓடவிடுங்கள். ஒரு மணி நேரப் பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆகட்டும். புரியாததைக் குறித்து வைத்து, தெரிந்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அக்கா அப்படித்தான் படித்தார். மூன்றாவது முறை பாஸ் செய்துவிட்டார். இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் சந்தேகங்களுக்கு அவர்தான் பதில் சொல்கிறார்.